கேட்டைத் தட்டிய சாவி

பென்னி,

நம் பங்குக் கோவிலில், நீ சாமியாராகிற குருப்பட்ட விழாவுக்கு மலர் அச்சடிக்கிறார்கள். அதில் உன் இறையழைத்தலைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். மலர் வேலையைப் பார்ப்பவன் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன். அன்றைக்கு வீட்டுப்பாட நோட்டுக்காக நான் அவனை விரட்டினேன், இன்றைக்கு அவன் என்னை விரட்டுகிறான். நேற்றும் வாசலில் வந்து நின்று, எல்லாப் பக்கமும் தயார், டீச்சர் பக்கம் மட்டும்தான் பாக்கி என்று தலையைச் சொறிந்தான். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இரண்டு பக்கம் வரவில்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வரியே பொய்யாக வருகிறது. ஐந்து தாளைக் கிழித்துப் போட்ட பிறகு, மலரை ஓரமாக வைத்துவிட்டு உனக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன்.

போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். முதல் முறை நீ “சொல்லும்மா” என்றதும் முட்டிவலித் தைலம் தீர்ந்துவிட்டது என்றேன். இரண்டாம் முறை தைலம் வாங்கிவிட்டேன் என்றேன். இதற்கா இரண்டு போன் என்று நீ சிரித்தாய். நேரில் வந்து சொல்லலாம் என்றும் நினைத்தேன், அது சரிப்படாது. ஏன் சரிப்படாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பட்டம் கொடுக்க ஆயர் உன் தலைமேல் கை வைக்க இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. படித்துவிட்டு என்மேல் கோபப்படவும் உனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும், அதனால் இன்றைக்கே எழுதுகிறேன்.

முதலில் என் காது கதை. ரிட்டயர் ஆன பிறகு எனக்கு மத்தியானத் தூக்கம் பழகிவிட்டது, உனக்குத் தெரியும். சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு, ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்தால், கண் சொருகுகிற நேரத்தில் காலிங் பெல் அடிக்கும். எழுந்து போய்க் கதவைத் திறந்தால் ஆளே இருக்காது. நம் ஃபிளாட்டின் பெல் குருவி கத்துகிற மாதிரி இருக்கும், எனக்குக் கேட்டதோ பழைய வீட்டு பெல்லின் ‘டிர்ர்ர்’. இன்னொரு நாள் குக்கர் விசில், ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பின்மேல் குக்கரே இல்லை. ஒரு நாள் பள்ளிக்கூட மணி. அடித்துப் பிடித்து எழுந்து சாக்பீஸ் டப்பாவைத் தேடினேன் என்றால் பார்த்துக்கொள். போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது இது. தனியாக இருக்கிறவளுக்குப் புத்தி பிசக ஆரம்பித்துவிட்டது என்று பயந்துபோய், யாரிடமும் மூச்சுவிடவில்லை. உன்னிடமும்தான்.

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் வேறொரு சத்தம் கேட்டது. இரும்புக் கேட்டில் சாவியால் தட்டுகிற சத்தம். டங், டங், டங். அதற்குப் பின்னால் உன் அப்பாவின் குரல். “கேட்டு” என்றார். அவ்வளவுதான், ஒரே வார்த்தை, பட்டறையிலிருந்து பசியோடு வந்து நிற்கிற அதே குரலில். நான் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, லிஃப்டில் மூன்று மாடி இறங்கிப் போய் வாசலில் நின்றேன். அவர் இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது என்பது இரண்டாம் மாடி தாண்டும்போது ஞாபகம் வந்தது, ஆனாலும் போனேன். வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். “இன்னாமா, யாராச்சும் வராங்களா?” என்றார். யாரோ கேட்டைத் தட்டினார்களே என்றேன். “எந்த கேட்டுமா? இது தள்ளுற கேட்டு. தட்டுறதுக்கு இன்னா கீது இதுல?” என்றார். உண்மைதான். உன் அப்பா தட்டிய கேட்டையும் அந்தக் கேட்டு இருந்த நம் பழைய வீட்டையும் இடித்து, ஃபிளாட் கட்டி ஏழு வருஷம் ஆகிவிட்டது.

அதற்குமேல் தள்ளிப்போடாமல் அடையாறில் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனேன். காதில் எதையோ மாட்டிச் சோதித்துவிட்டு, உங்கள் காது என் காதைவிட நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, முழித்திருக்கும்போதும் கேட்கிறதா, தூக்கம் வரும்போது மட்டுமா என்று கேட்டார். தூக்கம் வரப்போகிற நேரத்தில் மட்டும் என்றேன். அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லையாம். நிறையப் பேருக்கு இது வருமாம். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே சாமான்களை எடுத்து வைப்பார் இல்லையா, அந்த மாதிரி மூளையும் தூங்கப் போகும் நேரத்தில் பழைய சத்தங்களை எடுத்துப் போட்டு உருட்டுமாம். பெல், மணி, யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவது, எல்லாம் கேட்குமாம். அவருக்கே நோயாளி கூப்பிடுகிற மாதிரி கேட்டிருக்கிறதாம். எனக்கு இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே எழுந்தவள், எதற்கோ நின்று, சின்னப் பையனுக்கும் இது வருமா டாக்டர் என்று கேட்டேன்.

“ஏன் வராது? வீட்டுல ஒரு சாவு நடந்து, புள்ள சரியாத் தூங்காம இருந்தா இன்னும் அதிகமாவே வரும். பெரியவங்க யாராவது பக்கத்துல உக்காந்து, இது சகஜம்தான், எனக்கும் வரும்னு சொன்னாப் போதும்” என்றார் அவர். நான் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகிற பஸ் மூன்று வந்து போனது. நான் ஏறவில்லை. நாலாவது பஸ் வந்தபோது பக்கத்தில் நின்ற பூக்காரம்மா என் தோளைத் தொட்டு ஏற்றிவிட்டார்.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிச் சொல்லி உன் ஞாபகத்தின்மேல் என் கதையைப் பூசிவிட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி ஒரு முறை எழுதுகிறேன். உன் அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். சாயங்காலம் ஏழேகாலுக்கு ஸ்கூட்டர் சாந்தோம் வந்து சேரும். தெருமாடு உள்ளே நுழைந்து செடியைத் தின்றுவிடும் என்று நான் கேட்டை உள்பக்கம் தாழ் போட்டு வைப்பேன். அவர் வண்டியை விட்டு இறங்க மாட்டார். சாவியை உருவி, உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டில் மூன்று தட்டுத் தட்டி, “பென்னி, கேட்டு” என்பார். நீ ஓடிப்போய்த் தாழைத் திறந்து, வண்டி உள்ளே வர வழிவிட்டு இடதுபக்கச் சுவரோடு ஒட்டி நிற்பாய். ஹாரன் இருக்கும்போது எதற்கு இரும்பைத் தட்டிப் பெயின்ட்டை உரிக்க வேண்டும் என்று நான் ஒரு நாள் சண்டை பிடித்தேன். “ஹாரன் தெருவுக்கு. இது என் புள்ளைக்கு” என்றார்.

நீ ஆறாம் வகுப்புக்குப் போன மாதம் அவர் போனார். பட்டறையில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். நீ அழுதாயா என்று எனக்கு ஞாபகமே இல்லை. என்னைச் சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள், உன்னை யார் பார்த்தார்கள் என்று இன்றைக்கு வரை தெரியாது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சில நாள் இருக்கும். சாயங்காலம் நீ பாயில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். எழுதிக்கொண்டே நோட்டின்மேல் தலை சாயும். திடீரென்று எழுந்து வெளியே ஓடுவாய், கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்காருவாய். முதலிரண்டு நாள் நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னாலேயே வந்தேன். கேட்டை முழுசாகத் திறந்துவிட்டு, இடதுபக்கச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாய், ஒரு வண்டி உள்ளே வர எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு விட்டு. எனக்கு என்ன வந்ததோ, உன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன்.

நீ அழவில்லை. “அப்பா தட்டினாரும்மா. பென்னி, கேட்டுன்னு கூப்பிட்டாரு” என்றாய். இன்னும் சொன்னாய். ஒரு நாள் குக்கர் சத்தம் கேட்டது, ஒரு நாள் பிரேயர் மணி கேட்டது, ஒரு நாள் பெரிய தட்டு கீழே விழுந்தது, அம்மா எடுத்து வைக்கவேயில்லை என்று விரல் விட்டு எண்ணினாய். “தூக்கம் வரும்போது மட்டும்தாம்மா கேக்குது” என்றாய். பதினெட்டு வருஷம் கழித்து அடையாறு டாக்டரம்மா எனக்குச் சொன்ன அத்தனையையும் பதினொரு வயசில் நீ கேட்டருகில் நின்றுகொண்டு சொல்லிவிட்டாய், பென்னி. எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

“அப்பா செத்துட்டாரு. செத்தவங்க வந்து கேட்டைத் தட்ட மாட்டாங்க. அது அப்பா இல்ல” என்றேன்.

“அப்ப யாரும்மா?” என்று கேட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் வருஷாவருஷம் நான் நடத்துகிற பாடம் ஒன்று உண்டு. கோவிலில் படுத்திருந்த ஒரு சிறுவனை ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பாடம். நீயும் என் வகுப்பில் உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறாய். அது தயாராக நாக்கு நுனியில் இருந்தது. “ஆண்டவர்” என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் தாழ் போட்டேன். நீ வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாய். சந்தோஷமா, ஏமாற்றமா என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. இப்போது கண்ணை மூடினால் ஏமாற்றம் என்றுதான் தெரிகிறது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? உன் பயத்தைப் போக்கத்தான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ பயப்படவே இல்லை. ஆசையாகத்தான் ஓடினாய். அறை வாங்கும் வரைக்கும் உன் முகம் மலர்ந்துதான் இருந்தது. உண்மைக் காரணத்தை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். எனக்குப் பொறாமை. உன் அப்பா போன பிறகு ஒரு நாள்கூட என் கனவில் வரவில்லை. அவர் சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன், ஒரு சின்னச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. பதினான்கு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். என்னை விட்டுவிட்டு உன்னை மட்டும் தினமும் ஏழேகாலுக்குக் கூப்பிடுகிறாரா என்று வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளைமேல் ஒரு தாய்க்கு இப்படி வருமா என்று நீ கேட்கலாம். வந்தது. எனக்குக் கிடைக்காத குரல் உனக்கும் வேண்டாம் என்று பிடுங்கி, அதை ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் உன்னைப் பங்குச் சாமியாரிடம் அழைத்துப் போனேன். பையனை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், மூன்று தடவை, தூக்கத்தில், என்றேன். குக்கரைச் சொல்லவில்லை. மணியையும் தட்டையும் சொல்லவில்லை. அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரியும், அது சாவியின் கணக்கு. சாமியார் நிதானமானவர், சட்டென்று எதையும் நம்பிவிட மாட்டார். உன்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். அவன் கூச்சப்படுவான், நான் கூட இருக்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் உன் உயரத்துக்குக் குனிந்தார்.

“யாரு குரல் மாதிரி இருந்துச்சு தம்பி?” என்று கேட்டார்.

நீ பதில் சொல்ல வாயெடுத்தாய். எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய்.

“யாருன்னு தெரியலன்னு சொன்னான் ஃபாதர்” என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ தலையாட்டினாய். அதற்குப் பிறகு நீ சாயங்காலம் கேட்டருகே ஓடவில்லை. அந்தச் சத்தம் உனக்கு நின்றுவிட்டதா, கேட்டும் எழாமல் படுத்திருந்தாயா, எதுவும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம்.

கதை தெருவில் பரவியது. உன்னைப் பார்த்தால் பெண்கள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள். நீ பூசை உதவிக்கு நின்றால் என்னை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் என்று பார்த்தவர்கள், ஆண்டவர் தேர்ந்தெடுத்த பிள்ளையின் தாய் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். பிடித்திருந்தது, பென்னி, மிகவும் பிடித்திருந்தது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் நீயாகத்தான் சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்குப் போகிறேன் என்றாய் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நாலு வருஷமாக வீட்டில் வேறு எந்தப் பேச்சுக்கும் நான் இடம் கொடுக்காத பிறகு, பதினைந்து வயசுப் பிள்ளை வேறு என்ன சொல்லும்?

உனக்குப் பத்தொன்பது வயசு இருக்கும்போது ஒரு நாள் குருமடத்திலிருந்து போன் செய்தாய். ரொம்ப நேரம் மழையைப் பற்றிப் பேசினாய், எதிர்வீட்டு நாயைப் பற்றிக் கேட்டாய். பிறகு குரலைத் தணித்து, “அம்மா, நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?” என்றாய். லீவுக்கு இல்லை, மொத்தமாக வருவதைப் பற்றிக் கேட்கிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டவர் பாதியில் கைவிட மாட்டார், நன்றாக ஜெபம் பண்ணு என்றேன். நீ “சரிம்மா” என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு நீ அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அன்றைக்கு நான் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாப்பாடு பிடிக்கவில்லையா, யாராவது ஏதாவது சொன்னார்களா, மனசில் யாராவது இருக்கிறார்களா, எதையாவது கேட்டிருக்கலாம். என் கையில் அந்தக் கதை இருந்தது, அதை எடுத்து உன் வாயை அடைத்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு நீ குருப்பட்டத்துக்கு முந்தின படியில், திருத்தொண்டராக, நம் கோவிலில் மறையுரை கொடுத்தாய். முன்வரிசையில் நான் இருந்தேன். ‘எனக்குப் பதினொரு வயசு. என் பேரைச் சொல்லி மூன்று முறை யாரோ கூப்பிட்டார்கள்’ என்று ஆரம்பித்தாய். ஒரு சொல் பிசகாமல் என் கதை. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நீ பொய் சொல்லவில்லை, நீ அதை நம்புகிறாய் என்பது உன் முகத்தில் தெரிந்தது. உன் அப்பா அந்தக் கதையில் எங்கேயும் இல்லை. ஆனாலும் வெளியே வந்து எல்லோருடைய வாழ்த்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

இவ்வளவு வருஷம் மாதாமாதம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். கோபம், புறணி, ஜெபத்தில் கவனமின்மை என்று ஒரே பட்டியல். இதைப் பாவம் என்று நான் எண்ணவே இல்லை. டாக்டரம்மாவைப் பார்த்த வாரம்தான் முதன்முதலாகச் சொன்னேன். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் இருந்தவர் உன் வயசுச் சாமியார். முழுசாகக் கேட்டுவிட்டு, “இத எங்கிட்ட சொன்னாப் போதாதும்மா, மகன்கிட்ட சொல்லுங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நல்ல சாமியார் என்று தோன்றியது.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு பையன் கடலில் போனானே, அன்றைக்கு நீ அந்தத் தகப்பனுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். காலையிலிருந்து வெயில் ஏறும் வரை உட்கார்ந்திருந்தாய். ஒரு வசனம் சொல்லவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. அவர் பேசினால் கேட்டாய், பேசாவிட்டால் சும்மா இருந்தாய். எனக்குத் தெரியாத வித்தை அது, நான் சொல்லிக்கொடுத்து வந்தது இல்லை. ஆண்டவர் உன் அப்பாவின் குரலை வைத்தே உன்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்றும் நீ கேட்கலாம். இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தைத் தெரிந்தது போலச் சொன்னதுதான் என் குற்றம். அதை முடிவு செய்ய வேண்டியவன் நீ, உனக்கு மிச்சமிருப்பது பத்தொன்பது நாள்.

நீ சாமியாராகப் போனால், யாராவது ஒரு தாய் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உன்னிடம் வருவாள். முதலில் அவளை வெளியே அனுப்பு. நாற்காலியை இழுத்துப் போட இடம் கொடுக்காதே. பிள்ளை சொல்வதில் குக்கர் சத்தமும் வரும், தட்டுச் சத்தமும் வரும், எல்லாவற்றையும் கேள், உனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்காதே. சாமியாராகப் போகாமல் ஒருத்தியைக் கட்டி உனக்கே ஒரு பிள்ளை பிறந்து, அது தூக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து ஓடினால், கூடவே போய்க் கதவைத் திறந்து அதோடு நில். யாரும் இல்லை என்று அதுவே பார்த்துக்கொள்ளும். நான் அன்றைக்கு உன் பக்கத்தில் அந்தச் சுவரோடு ஒட்டி நின்றிருக்க வேண்டும், பென்னி. இரண்டு பேரும் சேர்ந்து அவருக்காக அழுதிருக்கலாம். நாம் ஒரு நாளும் சேர்ந்து அழவில்லை. என்னை மன்னித்துவிடு.

பட்டம் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதே. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது, மண்டபம் சொல்லியாகிவிட்டது, பிரியாணிக்கு ஆள் பேசியாகிவிட்டது என்பதெல்லாம் என் தலைவலி. முப்பத்திரண்டு வருஷம் பெற்றோர் கூட்டத்தைச் சமாளித்தவளுக்கு இந்தத் தெரு ஒரு பெரிய விஷயமில்லை. மலர்க்காரனிடம் நாளைக்கே சொல்லிவிடப் போகிறேன், அந்த இரண்டு பக்கத்தில் விளம்பரம் போட்டுக்கொள், என் மகனின் கதையை என் மகன்தான் சொல்ல வேண்டும் என்று.

இந்தக் கடிதத்தோடு ஒரு வெள்ளைத் துணி இருக்கும். பட்டத்தன்று ஆயர் உள்ளங்கையில் தைலம் பூசிய பிறகு கைகளைக் கட்டுகிற துணி. அதைப் பிறகு தாயிடம் கொடுப்பார்கள், அவள் செத்தால் பெட்டிக்குள் அவள் கையில் வைத்து அடக்கம் செய்வார்கள், இவள் ஒரு குருவைப் பெற்றவள் என்று மேலே தெரியட்டும் என்பதற்காக. நம் வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தி. நகரில் நாலு கடை ஏறி இறங்கி நல்ல பருத்தியாகப் பார்த்து வாங்கி, ஓரம் நானே தைத்து ஒரு வருஷமாகப் பீரோவில் வைத்திருந்தேன். பட்டம் வாங்கினால் கையைக் கட்ட வைத்துக்கொள். வாங்காவிட்டால் முகம் துடைக்க வைத்துக்கொள். எப்படியானாலும் எனக்குத் திருப்பிக் கொடுக்காதே. நான் வெறுங்கையோடு போய்ப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நேரில் வராததற்குக் காரணம் சொல்கிறேன் என்றேனே. நான் எதிரில் உட்கார்ந்தால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். இருபத்தொன்பது வயசானாலும் பார்ப்பாய், பார்த்துவிட்டு எனக்கு எது வேண்டுமோ அதைச் சொல்வாய். அப்படித்தான் உன்னை வளர்த்துவிட்டேன். அதனால் இதைத் தபாலில் போடுகிறேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படி. அந்தச் சாமியார் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்டார், பதில் சொன்னது நான். அதையே மறுபடி கேட்கிறேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம், உனக்கு நீ சொல்லிக்கொண்டால் போதும்.

யாரு குரல் மாதிரி இருந்துச்சு தம்பி?

நான் பக்கத்தில் இல்லை. சொல்.

அம்மா